ஸ்கேன் நினைவூட்டலும் காவல்காரர் கடிகாரமும்

கணினித் திரையின் வலது கீழ் மூலையில் கேடயப் படத்தோடு எழும் ஸ்கேன் அறிவிப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஸ்கேன் செய்து பல நாளாகிவிட்டது, இப்போது செய்யலாமா என்று கேட்கும். மற்றொன்று, ஸ்கேன் முடிந்தது, ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லும். விண்டோஸ் 10க்கு 2016இல் வந்த பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு, விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இரண்டாம் வகையைச் சுருக்க அறிக்கையாகவே தரத் தொடங்கியது: கடந்த சுருக்கத்துக்குப் பின் இத்தனை முறை ஸ்கேன் நடந்தது, அச்சுறுத்தல் இல்லை. முதல் வகைக்குப் பெரும்பாலும் இரண்டே பொத்தான்கள்தாம் இருக்கும். ‘இப்போதே’, ‘பிறகு நினைவூட்டு’. ‘வேண்டாம்’ என்ற மூன்றாவது பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு எழுதிக்கொண்டிருப்பவருக்கும் வகுப்பில் புரொஜெக்டர் போட்டுப் பாடம் நடத்துபவருக்கும் இரண்டு வகையும் ஒரே அளவு இடைஞ்சல்தான்.

ஒரு காலத்தில் இந்த நினைவூட்டலுக்கு முழு நியாயம் இருந்தது. ஐபிஎம் பிசிகளைத் தொற்றிய முதல் வைரஸாகச் சொல்லப்படும் ‘பிரெய்ன்’ 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. ஃபிளாப்பியின் பூட் செக்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த நிரலுக்குள் அவர்கள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வைத்திருந்தார்கள். அன்றைய டாஸ் கணினியில் ஆன்டிவைரஸ் என்பது பெரும்பாலும், கூப்பிட்டால் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் நிரல். கூப்பிட மறந்தால் காவல் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஃபிளாப்பியையும் ஸ்கேன் செய்ய வேண்டும், முழு வட்டையும் அவ்வப்போது ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது கணினி மையங்களில் முதல் பாடமாகச் சொல்லப்பட்டது. மார்ச் 6 அன்று வட்டை அழிக்கும்படி எழுதப்பட்ட மைக்கலாஞ்சலோ வைரஸ் 1992இல் உலகத்தையே பயமுறுத்தியபோது, லட்சக்கணக்கான கணினிகள் பாழாகும் என்று கணித்தார்கள். பாதிப்பு அதன் அருகில்கூட வரவில்லை. ஆனால் நாள் பார்த்து ஸ்கேன் செய்யும் பழக்கத்துக்கு அந்தப் பயமும் உரம் போட்டது.

இன்று நிலைமை வேறு. கோப்பைத் திறக்கும் நொடியிலும் எழுதும் நொடியிலும் அதைச் சோதிக்கும் ஒரு வடிகட்டி இயங்குதளத்தின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. விரைவு ஸ்கேன், கணினி இயங்கத் தொடங்கும்போது உயிர்பெறும் இடங்களையும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும் பார்க்கிறது. உடனடிக் காவலோடு விரைவு ஸ்கேனும் சேர்ந்தால் பெரும்பாலும் அதுவே போதும் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணங்களே சொல்கின்றன. முழு ஸ்கேனுக்கும் தேவை உண்டு. வைரஸின் அடையாளம் தெரியவருவதற்கு முன்பே வந்து படுத்துவிட்ட கோப்பு, யாரும் திறக்காமல் கிடக்கும் ஜிப், தொற்று கண்டுபிடித்த பிறகு செய்யும் மறுசோதனை ஆகியவை அந்த வகை. ஆனால் கால அட்டவணைப்படி நடக்கும் ஸ்கேனைக் கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்துத் தானே செய்துகொள்ளும். அதற்காக உரிமையாளரின் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை.

அப்படியும் தட்டுவதற்குக் காரணம், காவலின் இயல்பிலேயே இருக்கிறது. காவல் நன்றாக நடந்தால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை. திருடன் வராத இரவும் காவல்காரர் தூங்கிய இரவும் காலையில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய மென்பொருளுக்கு இது பெரிய சங்கடம். அது செய்த வேலையை யார் அறிவார்? எனவே அது அவ்வப்போது குரல் கொடுக்கிறது.

இந்தச் சங்கடம் கணினியை விட மிகப் பழையது. 1829இல் லண்டனுக்கு முறையான போலீஸ் படை வருவதற்கு முன், தெருக்களை இரவில் காத்தவர்கள் கையில் விளக்கும் தடியும் கொண்டு, மணியையும் வானிலையையும் உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். வரி கொடுத்தவர்களுக்குக் காவல் நடக்கிறது என்று அந்தக் குரல்தான் சாட்சி சொன்னது. அதே குரல் தூங்குபவரை எழுப்பியது, காவல்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதைத் திருடனுக்கும் அறிவித்தது.

தீர்வு கடிகாரத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில் ஜான் வைட்ஹர்ஸ்ட் ஒரு காவல்காரர் கடிகாரம் செய்தார். அதன் சுழலும் தட்டின் விளிம்பைச் சுற்றிச் சிறு முளைகள் நிற்கும். ஒவ்வொரு முளையையும் அதற்குரிய நேரத்தில் மட்டுமே அழுத்த முடியும். நேரம் தவறினால் முளை அழுந்தாமல் நீட்டிக்கொண்டே நிற்கும். காலையில் நிற்கும் முளைகளைப் பார்த்தால், எந்த வேளையில் காவல் தவறியது என்று தெரிந்துவிடும். அந்தக் கடிகாரம் ஓர் இடத்திலேயே இருந்ததால், காவல்காரர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் போதும் என்ற குறை இருந்தது. 1855இல் ஜெர்மனியின் ஷ்வெனிங்கனில் யோஹன்னஸ் பியூர்க் அந்தக் குறையைத் தீர்த்தார். கடிகாரத்தைக் காவல்காரரின் தோளிலேயே தொங்கவிட்டு, சாவிகளை ஆலையின் மூலைகளில் சங்கிலி போட்டுக் கட்டினார். ஒவ்வொரு சாவியின் முனையிலும் வேறு வேறு புடைப்பு அடையாளம். கொதிகலன் அறைக்குப் போனால் அங்குள்ள சாவியைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருக வேண்டும். உள்ளே நேரத்தோடு நகரும் காகிதத்தில் அந்த இடத்தின் அடையாளம் அழுந்தும். காவல்காரரால் கடிகாரத்தைத் திறக்க முடியாது. திறந்து பார்க்கும் உரிமை முதலாளிக்கு.

எவ்வளவு நேர்த்தியான யோசனை! சாட்சியம் காகிதத்துக்குப் போனதால் குரலுக்கு வேலை குறைந்தது. ஆலை தூங்கலாம்; காவல்காரர் வாய் திறந்தால் நெருப்பு அல்லது திருடன் என்று பொருள். இன்று தொழிற்சாலைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் செக்யூரிட்டி ஊழியர்கள் சுவரில் ஒட்டிய கியூஆர் குறியைக் கைபேசியால் ஸ்கேன் செய்துவிட்டுப் போவது அந்தச் சாவியின் வழிவந்ததுதான்.

அதே காகிதம் விண்டோஸிலும் இருக்கிறது. ஈவென்ட் வியூவரில் டிஃபெண்டருக்கான பதிவைத் திறந்தால், ஸ்கேன் தொடங்கியதற்கு 1000, முடிந்ததற்கு 1001, தீநிரல் அகப்பட்டதற்கு 1116 என்று எண் போட்டு, நாளும் நேரமுமாக வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சாட்சியம் முழுதாக இருக்கிறது. இருந்தும் மென்பொருள் தெருவில் மணி சொல்லிக்கொண்டு போகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை எரிச்சலோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டும்போதே அதைப் பார்க்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு வெகுவாகக் குறைந்தது. கண் அங்கேதான் இருக்கிறது, பார்வை போய்விடுகிறது. மருத்துவமனைகள் இதை இன்னும் கசப்பாக அறிந்திருக்கின்றன. அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் விடுத்த எச்சரிக்கையின்படி, கருவிகளின் அலாரங்களில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை. 2009 முதல் 2012 நடுப்பகுதி வரை அலாரம் தொடர்பாகப் பதிவான 98 நிகழ்வுகளில் 80 பேர் இறந்திருந்தார்கள். ஓயாமல் ஒலிக்கும் மணியைக் கேட்டுக் காது மரத்துப்போன செவிலியரைக் குறை சொல்ல முடியாது.

காது மரத்தவரை விடவும் காது பழகியவருக்கு ஆபத்து அதிகம். கேடயப் படத்தோடு வரும் எல்லாவற்றுக்கும் ‘சரி’ அழுத்தப் பழகிய கைதான் போலி எச்சரிக்கைக்கும் ‘சரி’ அழுத்துகிறது. 2019இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, ஆஃபீஸ் டிப்போ கடைகளில் ஓடிய ‘பிசி ஹெல்த் செக்’ பற்றி வழக்குத் தொடுத்தது. கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளோடு அந்தச் சோதனை தொடங்கும். ஒன்றை டிக் செய்தாலே, ஸ்கேனில் என்ன தெரிந்தாலும் சரி, தீநிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும் என்பது குற்றச்சாட்டு. ஆஃபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளைத் தந்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

விண்டோஸில் இந்தக் குரலைக் குறைக்க, செக்யூரிட்டி செயலியின் அமைப்புகளில் அறிவிப்புகளை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே மூன்று தெரிவுகள் இருக்கும்: அண்மைச் செயல்பாடும் ஸ்கேன் முடிவுகளும், உடனடி நடவடிக்கை தேவைப்படாத அச்சுறுத்தல்கள், தடுக்கப்பட்ட கோப்புகள். முதலாவதை மட்டும் அணைத்தால் ஒன்றுமில்லை என்று சொல்லும் அறிவிப்பு நின்றுவிடும். மற்ற இரண்டையும் விட்டுவைப்பது நல்லது. பணிப்பட்டியில் கேடயத்தின் மேல் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் திறந்து பார்க்க வேண்டும்; சில வேளை அது ஒன்டிரைவ் கணக்கை இணைக்கச் சொல்லும் பரிந்துரையாக மட்டுமே இருக்கும், அதை நீக்கும் இணைப்பும் அங்கேயே உண்டு. விலைக்கு வாங்கிய ஆன்டிவைரஸ்களில் விளம்பர அறிவிப்புக்கும் ஸ்கேன் அறிவிப்புக்கும் பெரும்பாலும் தனித்தனி ஸ்விட்ச்கள் இருக்கும். அணைத்த பிறகும் ஸ்கேன் நடந்துகொண்டேயிருக்கும், பதிவும் ஏறிக்கொண்டேயிருக்கும். உயிர்நாடியான எச்சரிக்கைகளை விண்டோஸ் எப்படியும் அனுப்பும்.