ஆறுமணி விருந்தாளி

பட்சிகளைப் பார்ப்பதற்காகக் குடும்ப சமேதராக வேடந்தாங்கலுக்குப் பிரயாணம் செய்வது நமது நெடுநாளைய வழக்கம். புளியோதரை மூட்டை, தண்ணீர்க் கூஜா, தூரதிருஷ்டிக் கண்ணாடி முதலிய சகல பரிவாரங்களுடனும் சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரம் போய், ஏரிக்கரையில் நின்று, "அதோ நாரை! இதோ கொக்கு!" என்று ஆனந்தித்துத் திரும்புவோம். ஆனால் நாம் கண்டவற்றுள் மிக அதிசயமான பட்சியைக் காண்பதற்கு நாம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. பிரயாணம் முழுவதையும் அதுவே செய்து, நமது அடையாறு வீட்டுக் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது.

அடையாற்றில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் ஆற்றின் முகத்துவாரம். அதன் கரையில் பிரம்மஞான சபையின் பெருந்தோட்டம். சற்றுத் தொலைவில், 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு. ஆகவே, துணி உலர்த்தும் கொடியில் மீன்கொத்தி உட்கார்ந்திருப்பதும், மதிற்சுவர்மேல் செம்போத்து வீட்டுக்காரர் தோரணையில் உலாவுவதும், மாமரப் பொந்திலிருந்து புள்ளி ஆந்தைத் தம்பதிகள் நம்மை முறைத்துப் பார்ப்பதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள்.

சில வருஷங்களுக்கு முன் நவராத்திரி சமயம். கூடத்தில் கொலு வைத்திருந்தோம். விடியற்காலையில் கொல்லைப்புறம் சென்ற பேத்தி, "பாட்டி! கொலுப் பொம்மை ஒன்று கிணற்றடியில் விழுந்து கிடக்கிறது!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள்.

போய்ப் பார்த்தோம். குழந்தை சொன்னதில் பிழையில்லை. மைனாவைவிடச் சிறிய உருவம். வால் என்று சொல்லத்தக்கதாக அதிகம் ஒன்றுமில்லை. முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், தொண்டை வெண்மை, மார்பு சந்தன நிறம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, கண்ணின் குறுக்கே அழுத்தமாக ஒரு மைக்கோடு. பொம்மை கண்ணை மூடித் திறந்தது. அப்போதுதான் அதற்கு உயிர் இருப்பது தெரிந்தது. அதே சமயத்தில் மதிற்சுவரில் ஐந்தாறு காகங்கள் வந்து உட்கார்ந்ததையும் கவனித்தோம்.

நமது இல்லத்தரசியார் ஒரு கிண்ணத்தில் பாலும் ஒரு பிடி சாதமுமாக விரைந்து வந்தார். நல்லவேளையாக, பட்சி சாஸ்திரத்தில் ஈடுபாடுள்ள எதிர் வீட்டு நண்பர் சத்தம் கேட்டு வந்தார்.

"மாமி, பாலை உள்ளே கொண்டு போங்கள்! அலகைத் திறந்து எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில் போய்விடும். குருவி பிழைக்காது" என்றார்.

பிறகு, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட ஓர் அட்டைப் பெட்டிக்குள் துணியை விரித்து, மெதுவாக அதை எடுத்து வைத்து, இருட்டறையில் சந்தடியில்லாமல் விடச் செய்தார். அடிபட்டிருந்தால் வனத்துறையாரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்றும், அழகாயிருக்கிறதே என்று வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடங்கொடாது என்றும் சொன்னார். பேத்தியின் முகம் வாடிற்று.

விருந்தாளியின் பூர்வோத்தரத்தையும் அவரே விளக்கினார். காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதால் இதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். வடக்கே இதனை ‘நவ்ரங்’ என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகிறது. பிரயாணமெல்லாம் இரவில்தான். நகரத்து விளக்கொளியில் கண் கூசி, சுவரிலும் கண்ணாடி ஜன்னலிலும் மோதி, களைத்து விழுவதும் உண்டு. விடிந்தால் காகமும் பூனையும் காத்திருக்கும்.

சுமார் 60 கிராம் எடையுள்ள ஜீவன்! இந்தப் பாதையில் அதன் மூதாதையர் பறந்தபோது சென்னைப் பட்டணமே கிடையாது. அது வழி தவறி நம் வீட்டுக்கு வந்ததாக நாம் எண்ணியிருந்தோம். உண்மையில், அதன் வழியில் நாம்தான் வீடு கட்டியிருந்தோம்!

மாலையில் காகங்கள் அடங்கியபின் பெட்டியைத் திறந்தோம். குருவி தத்தித் தத்தி மாமரத்தடிக்குச் சென்றது. குவிந்திருந்த சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு புழுவை எடுத்து விழுங்கியது. மூன்று நாள் அங்கேயே தங்கி, ஆறு மணி தவறாமல் கூவிவிட்டு, நான்காம் நாள் காணாமற் போயிற்று.

இங்கே நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குப்பை சேருகிறது என்று அந்தக் கொல்லைப்புறம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட மேஸ்திரிக்கு அச்சாரம் கொடுத்திருந்தோம். விஜயதசமிக்கு மறுநாள் வேலை ஆரம்பமாக வேண்டியது. குருவி பத்து நாள் தாமதித்து வந்திருந்தால் அதற்குப் புரட்டச் சருகே இருந்திராது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ஆம் ஆண்டில் ராம்சார் என்னும் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. மிகவும் சந்தோஷமே. ஆயினும் ஆறுமணிக் குருவி நீரில் இரை தேடும் பட்சியன்று; அதற்கு வேண்டியது மரநிழலும் மக்கிய சருகும். அவற்றைச் சர்க்கார் மட்டும் கொடுத்துவிட முடியாது. கொல்லைப்புறம் உள்ளவர்கள் கொடுக்க வேண்டும்.

மேஸ்திரி வந்தபோது கிணற்றடியை மட்டும் பழுது பார்க்கச் சொன்னோம். "குருவிக்காகவா, ஐயா?" என்று அவர் சிரித்தார். நாமும் சிரித்துக்கொண்டே ஆமென்றோம்.

இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்தால் நமது கொல்லை விளக்கு இரவில் எரிவதில்லை. மாமரத்தடியில் துடைப்பம் படுவதில்லை. சில வருஷங்களில் குருவி வருகிறது. சில வருஷங்களில் வருவதில்லை. வரும் வருஷங்களில், மாலையில் அந்தச் சீழ்க்கை கேட்டதும் நமது இல்லத்தரசியார் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, "இன்றைக்கு இரண்டு நிமிஷம் தாமதம்" என்று குறை சொல்லிவிட்டு விளக்கேற்றப் போவார்.