எங்கள் வீட்டு வாத்துக் குஞ்சுகள்

கோழி வளர்க்காத வீடு நம்மில் குறைவு. தாரா வளர்த்தவர்களும் இருப்பீர்கள். ஆனால் வாத்து? அரபுக் கல்லூரியில் 'பத்து' என்றால் தாரா, 'இவஸ்' என்றால் வாத்து என்று மனனம் செய்ததைத் தவிர, அவற்றோடு எனக்கு எந்தப் பழக்கமும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட என் வீட்டுக்குத்தான் பிறந்து இரண்டு நாளான ஐந்து குஞ்சுகள், தாயில்லாமல் வந்து சேர்ந்தன.

முதல் கவலை குளிர். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 32 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்து வரலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகைதான்! மட்டைப் பெட்டியின் ஒரு மூலையில் மஞ்சள் மின்குமிழைத் தொங்கவிட்டோம். மறுமூலையைக் குளிர்ச்சியாகவே விட்டோம். குஞ்சுகள் குமிழின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. தள்ளி நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். வெப்பமானி வாங்க வேண்டியதில்லை. ஓரிரவு மின்சாரம் நின்றபோது, என் மனைவி போத்தலில் சுடுநீர் நிரப்பி, பழைய துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். தஹஜ்ஜுத் நேரம் வரை மூன்று முறை எழுந்து நீரை மாற்றியவரும் அவரே. நான் விளக்குப் பிடித்தேன்.

பெட்டிக்குள் பத்திரிகைத் தாள் விரிக்காதீர்கள். வழுக்கி, கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். சாக்கு நல்லது. "வாத்துதானே, நீந்தட்டும்" என்று பேசினில் விடுவதும் ஆபத்து. குஞ்சின் மென்மயிர் நனையாதிருக்கத் தாயின் உடலிலுள்ள எண்ணெய்ப்பசை உதவுகிறது. தாயில்லாத குஞ்சு நனைந்து விறைத்துப்போகும். மூக்கையும் கண்ணையும் கழுவுமளவு ஆழமான கிண்ணத்தில், உள்ளே இறங்காதபடி கூழாங்கற்கள் போட்டு வையுங்கள்.

மூன்றாம் வாரம் ஒரு குஞ்சு எழும்ப மறுத்தது. அறுத்துவிடச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். என் இளைய மகள் அன்று சோறு தின்னவில்லை. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, கோழிக் குஞ்சை விட வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற உயிர்ச்சத்து அதிகம் தேவை, கோழித்தீனில் அது போதாது என்றார். அவர் கொடுத்த தூளைத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம். ஐந்தாம் நாள், அல்ஹம்துலில்லாஹ், தள்ளாடியபடி நடந்தது.

புல்லை முதல் வாரத்திலிருந்தே தின்னும். எங்களைச் சுற்றிப் புல்லுக்கென்ன பஞ்சம் என்பீர்கள். தேயிலை மலையில் புல் அறுக்குமுன் கொழுந்தெடுக்கும் சகோதரிகளிடம் கேளுங்கள். மருந்தடித்த மலை எதுவென்று அவர்களுக்குத் தெரியும். 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் களைகொல்லி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

குஞ்சு பொரித்ததும் முதலில் காண்பவரையே தாயாக எண்ணிப் பின்தொடரும் இயல்பை வாத்துகளிடம் ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர், 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் அந்தத் தாய் என் மனைவிதான். குழாயடிக்கும் குசினிக்கும் ஐந்தும் வரிசையாகப் போயின. அபூ உமைர் என்ற சிறுவனின் குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த ஹதீஸை மகளுக்குச் சொன்னேன். அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி ஏடு எழுதினார் இப்னுல் காஸ் என்ற ஷாபிஈ அறிஞர்.

ஆனால் எச்சம்! ஷாபிஈ மத்ஹபில் அது நஜீஸ். பறந்தபடி எச்சமிடும், உண்ணத்தக்க பறவைகளுக்குச் சலுகை தரும் ஹனபி மத்ஹபிலும் கோழி, தாரா, வாத்துக்கு விலக்கில்லை. ஆகவே தொழும் அறைக்கு முன்னால் ஒரு பலகைத் தடுப்பு அடித்தோம். மனைவி தொழும்போது ஐந்தும் அதற்கு அப்பால் நின்று கத்தும்.

இப்போது இறகு முழுதாக முளைத்துவிட்டது; துணிந்து தண்ணீரில் விடுகிறோம். எது ஆண், எது பெண் என்று பார்வைக்குப் பிடிபடவில்லை. முட்டை வரட்டும் என்று காத்திருக்கிறோம்.