கடல் இல்லாத ஊரில் கடற்படை ராஜாளிகள்!

உத்திரமேரூருக்குக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள், அப்படியே காஞ்சிபுரம் போய்க் கோயில்களைத் தரிசித்து, பட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். காஞ்சியிலிருந்து வடக்கே இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் போனால் அரக்கோணம். ரயில் ஜங்ஷனாகத்தான் பலருக்கும் இந்த ஊரைத் தெரியும். ஆனால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடலே இல்லாத இந்த ஊரில்தான் இந்தியக் கடற்படையின் ஹெலிகாப்டர் பைலட்டுகள் உருவாகிறார்கள்!

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலேயர்கள் இங்கே ஒரு விமானதளம் அமைத்தார்கள். அந்த இடத்தில் எழுந்ததுதான் 'ஐ.என்.எஸ். ராஜாளி'. 1992 மார்ச் 11 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதன் ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, தவித்து நின்ற பயணிகளுக்குக் கைகொடுத்தது இந்த ஓடுதளம்தான்.

ராஜாளிக்குள் இயங்குகிறது 561-வது ஸ்குவாட்ரன். இதுதான் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. 1971-ல் கொச்சியில், 'ஹியூஸ் 300' என்ற சின்னஞ்சிறு ஹெலிகாப்டர்களோடு தொடங்கிய இந்தப் பள்ளி, 1992-ல் அரக்கோணத்துக்கு வந்தது. பிறகு பயிற்சிக்குக் கைகொடுத்தது 'சேத்தக்'. பிரெஞ்சு வடிவமைப்பில், ஹெச்.ஏ.எல். நிறுவனம் நம் நாட்டிலேயே தயாரித்த ஹெலிகாப்டர் அது. கடற்படையினர் மட்டுமல்ல, கடலோரக் காவல்படையினரும் நட்பு நாடுகளின் வீரர்களும் இங்கே படிக்கிறார்கள்.

பறப்பதைவிடக் கடினமான பாடம் ஒன்று இங்கே உண்டு. அந்தரத்தில் அசையாமல் நிற்பது! இடது கையில் இருக்கும் லீவர் ஏற்றி இறக்கும். வலது கையில் இருக்கும் ஸ்டிக் திசையைப் பார்த்துக்கொள்ளும். கால் பெடல்கள் மூக்கைத் திருப்பும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் உடனே சரிசெய்ய வேண்டும். நடுவானில் எஞ்சின் நின்றுபோனால், கீழிருந்து வரும் காற்றிலேயே இறக்கைகளைச் சுழலவிட்டுத் தரையிறங்கவும் பழக வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு? நாளை இவர்கள் இறங்கப்போவது, அலையில் ஆடும் கப்பலின் சின்னத் தளத்தில். தண்ணீரில் தத்தளிப்பவரைக் கயிற்றில் தூக்கும்போது, ஹெலிகாப்டர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஆபத்து. அந்த நிதானத்தைக் கடலுக்குப் போவதற்கு முன்பே, உறுதியான தரைக்கு மேலே கற்றுக்கொள்கிறார்கள்.

2024 ஜூன் 7 அன்று நடந்த பயிற்சி நிறைவு அணிவகுப்பு, வரலாற்றில் இடம்பிடித்தது. பைலட்டுக்கான தங்கச் சிறகுச் சின்னத்தை அன்று பெற்றுக்கொண்ட சப் லெப்டினன்ட் அனாமிகா பி.ராஜீவ், இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் ஆனார். பள்ளி தொடங்கி அரை நூற்றாண்டு கழித்துத் திறந்த கதவு அது.

ராஜாளி, பாதுகாக்கப்பட்ட ராணுவ வளாகம். உள்ளே போய்ச் சுற்றிப்பார்க்க முடியாது, படம் எடுக்கவும் கூடாது. ஆனால், வானத்துக்கு வேலி இல்லையே! அரக்கோணம் பக்கம் போகும்போது தலைக்கு மேலே படபடவென்று சத்தம் கேட்டால், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். என்றோ ஒருநாள் நடுக்கடலில் ஓர் உயிரைத் தூக்கப்போகிறவர், அங்கே அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கலாம்.