எம்சிபி ஏன் விழவில்லை?

கல்மண்டபம் பகுதியில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று அடிக்கும். "ஆபத்தாயிருந்தா எம்சிபி விழுந்திருக்குமே" என்று வீட்டாருக்குத் தைரியம் சொன்னவன் நான். பள்ளியில் ஓம் விதி படித்த மிதப்பு.

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் மெஷினைத் திறக்கவே இல்லை. நேரே போய் வீட்டுக்குப் பின்னாலிருந்த எர்த் குழியைக் கிளறினார். குழாயோடு கம்பியை இறுக்கியிருந்த நட்டு துருப்பிடித்து இற்றுப்போய், கம்பி தனியாகக் கிடந்தது. காசிமேட்டுக் கடற்காற்றும் உப்பு மண்ணும் இரும்பை விட்டுவைக்குமா?

"எம்சிபி ஒயரத்தான் சார் காப்பாத்தும், ஆள இல்ல" என்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியர் பாயும். 10 மில்லிஆம்பியரை ஒட்டியே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டி நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. எங்கள் எம்சிபியோ 16 ஆம்பியரை, அதாவது 16,000 மில்லிஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். 60 வாட் குண்டு பல்பே சுமார் 260 மில்லிஆம்பியர் இழுக்கும். ஒரு பல்பு எரிவதற்கும் ஓர் ஆள் துடிப்பதற்கும் எம்சிபிக்கு வித்தியாசம் தெரியாது.

எர்த் சரியாக இருந்தால், மெஷினின் தகட்டுக்குக் கசிந்த மின்சாரம் தடை குறைந்த அந்த வழியில் இறங்கிவிடும். அது அறுந்தபின் தரைக்குப் போக மிஞ்சியது எங்கள் உடம்புதான்.

ஆளைக் காப்பதற்கென்றே இருப்பது ஆர்சிசிபி. பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் மட்டும் அதுவும் கைவிடும். புதிய இணைப்புகளுக்கு இத்தகைய பாதுகாப்பைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியிருக்கிறது. எங்களுடையதுபோன்ற பழைய வீடுகளில் நாமாகத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். கடலோரத்தில் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் எர்த் குழியையும் ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.