உயர்கல்வியின் விலை

கல்வி விலைகொடுத்துப் பெறத்தக்கதோ என்று வினவுதல் நம் முன்னோர்க்குப் புதுமையாய்த் தோன்றியிருக்கும். ஆயினும், பல்கலைக்கழகப் படிப்பிற்கு ஆகும் பொருள் ஆண்டுதோறும் ஏறிவருதலின், சிறிது நிலமும் சில நகையும் அன்றி வேறு பொருளில்லாக் குடும்பத்தார் இந்நாளில் அவ்வினாவை வாய்விட்டே வினவுகின்றனர். முப்பத்தைந்து ஆண்டு தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றுச் செஞ்சியில் வாழும் என்னிடம், பழைய மாணாக்கர் பலர் தம் மக்களின் மேற்படிப்பைப் பற்றிக் கலந்து பேச வருவதுண்டு. அவர்கட்கு யான் கூறிவருவனவற்றை ஒருங்கு தொகுத்து ஈண்டு அன்பர் முன் வைக்கின்றேன்.

முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. கல்வி எக்காலத்தும் செலவின்றி நடந்ததில்லை. கற்பவன் கொடாத காலத்துப் பிறர் கொடுத்தனர், அவ்வளவே வேற்றுமை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊர்க் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. பதினோராம் நூற்றாண்டில் அங்கு நடந்த கல்லூரியின் கணக்கை அது கூறும். இளமாணாக்கர் 270 பேர். மேல்வகுப்பு மாணாக்கர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். நாடோறும் இளையார் ஒவ்வொருவர்க்கும் 6 நாழி நெல். மூத்தார்க்கு ஒரு குறுணி இருநாழி, அஃதாவது 10 நாழி. மாணாக்கர்க்கு மட்டும் நாளொன்றுக்கு 2,320 நாழியாயிற்று. கலக்கணக்கிற் சொல்லின் 24 கலத்திற்கு மேல். இவற்றிற்கெல்லாம் 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. புதுச்சேரியை அடுத்த திருபுவனையிலும் முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-ஆம் ஆண்டளவில், 260 மாணாக்கர்க்கும் 12 ஆசிரியர்க்கும் 72 வேலி நிலம் இருந்தது. செஞ்சிக் கோட்டையின் பெரிய நெற்களஞ்சியங்களை இன்றும் காண்கின்றோம். முற்றுகைக் காலத்துப் படை உண்ணுதற்கு அவை அமைந்தன. கற்பார் உண்ணுதற்கும் அவ்வாறே நெல் ஒதுக்கிய அரசர் இந்நாட்டில் இருந்தனர் என்பதை அக்கல்வெட்டுகள் காட்டும்.

பழமையைப் புகழும்போது அதன் குறையையும் மறைத்தலாகாது. அக்கல்லூரிகள் வேதமும் வடமொழி இலக்கணமும் அவற்றின்பாற்பட்ட நூல்களுமே கற்பித்தன. அவற்றின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. அந்நிலத்தை உழுதவன் மகன் அங்கே அமர்ந்து கற்றிலன். இந்நாளில் வாயில் அகன்றுவிட்டது. உழவன் மகளும் மருத்துவம் பயிலலாம். இஃது உவத்தற்குரிய பெருமாற்றம். ஆனால் அகன்ற வாயிலில் இப்போது கட்டணப் பெட்டி வந்து நிற்கின்றது. அன்று குலம் தடுத்தது போல நாளை பொருள் தடுக்குமாயின், வாயில் அகன்றும் பயன் யாது?

நம் திருமடங்கள் இவ்வகையில் ஆற்றிய தொண்டு அன்பர் அறிந்ததே. உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்றார். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவிலேயே அவர் கல்வி வளர்ந்தது. 1880-இற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். அவ்வாதீனம் கணக்குப் பார்த்துக் கட்டணம் கேட்டிருப்பின், பழந்தமிழ் ஏடுகள் பல இன்று எந்நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க. எங்கட்கு அணித்தான மயிலத்திலும் 1938-இல் திருமடத்தின் சார்பில் தமிழ்க் கல்லூரி ஒன்று தோன்றியது. எளிய குடியிற் பிறந்த யானும் ஒரு திருமடத்தின் நிழலில் உண்டும் உறங்கியும் தமிழ் கற்றவனே. எனக்கு ஆன செலவை யாரோ முன்னோர் எழுதிவைத்த நிலம் கொடுத்தது. அவர் பெயரையும் யான் அறியேன்.

விலை என்பது கல்வியின் தரத்தைக் காட்டுவதன்று, செலவை யார் தாங்குகின்றனர் என்பதையே காட்டுவது. இவ்வுண்மையை அண்மையில் தில்லைப்பதியில் நிகழ்ந்ததொன்று தெளிவாக்கிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் அரசர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் எழுந்தது. அவர் ஈந்தது 20 இலட்சம் ரூபாய். பின்னாளிற் பொருள் முட்டுப்பாடு நேர, 2013-இல் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது. ஆயினும் அதன்கண் உள்ள இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்கு மேலேயே நின்றது. மாணாக்கர் பல நாள் போராடினர். 2021-இல் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தது. இளநிலை மருத்துவத்திற்கு மற்றை அரசு கல்லூரிகளிற் போல 13,610 ரூபாய் கட்டணமாயிற்று. கட்டடம் அதுவே, ஆசிரியரும் நூலும் அவையே. கட்டணம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காயிற்று. கல்வி அதனால் நாற்பது மடங்கு தாழ்ந்ததோ? இல்லையன்றே.

ஆதலின், ‘மிகுதியாகக் கேட்கின்றார்கள், ஆகவே மிக நல்ல கல்லூரி’ என்று கருதுதல் பொருந்தாது. ‘கல்வி விலைமதிப்பற்றது’ என்பது மெய்யுரையே. ஆனால் அதனையே காட்டி எவ்விலையும் கேட்பார் இந்நாளிற் பலர். கல்விக்கு விலையில்லை, பட்டத்திற்கு உண்டு. பட்டத்தை வாங்கப் புகுவோர் சந்தையிற் பொருள் வாங்குவார் போலவே கணக்குப் பார்த்தல் இழுக்கன்று.

அக்கணக்கைச் சிறிது பார்ப்போம். ஒரு குடும்பம் நான்காண்டுப் படிப்பிற்கு 7,50,000 ரூபாய் வங்கியிற் கடன் பெறுகின்றது; ஆண்டுதோறும் கால்பங்காகப் பெறுகின்றது; வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். படிக்குங்காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. தனிவட்டியாகக் கணக்கிடினும் அது 2,62,500 ரூபாய் சேரும். தவணை தொடங்கும் நாளிற் கடன் 10,12,500 ரூபாயாய் நிற்கும். பத்தாண்டிற் தீர்க்க வேண்டின் மாதந்தோறும் 13,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். முதல் உத்தியோகத்தில் இருபதினாயிரம் பெறும் பிள்ளை, சென்னையில் வாடகையும் கொடுத்து இதனை எங்ஙனம் கட்டுவான்?

சென்ற ஆண்டு என் பழைய மாணாக்கன் ஒருவன் வந்தான். இரண்டு ஏக்கரில் வேர்க்கடலையும் நெல்லும் பயிரிடுபவன். மகளைச் சென்னையில் ஒரு தனியார் நிலையத்திற் பொறியியல் படிக்கவைக்க ஓர் ஏக்கரை விற்க எண்ணியிருந்தான். “ஐயா, நிலம் போனாற் போகட்டும்; பிள்ளை படித்தாற் போதும்” என்றான். அச்சொல்லில் இருந்த அன்பைக் கண்டு சிறிதுபொழுது யான் வாய் திறந்திலேன். பின்னர் மூன்று வினாக்களைக் கேட்டு வரச்சொன்னேன். இப்படிப்பே குறைந்த செலவில் வேறிடத்துக் கிடைக்குமா? அங்கே மூன்றாண்டின் முன் கற்று முடித்தோர் இன்று யாது வேலையில் யாது பெறுகின்றனர்? இவை விளம்பரத்தைக் கேட்டறிவன அல்ல, கற்றோரையே கேட்டறிவன. மூன்றாவது, பிள்ளை விரும்புவது யாது?

மூன்றாம் வினாவை அவன் அதுவரை மகளிடம் கேட்டிலன். அவள் விரும்பியது வேதியியல். அஃது அரசு கலைக்கல்லூரியிற் சிறு கட்டணத்திலேயே கிடைத்தது. அரசுப் பள்ளியிற் பயின்றவளாதலின் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவட்குக் கிடைத்தது. நிலம் நின்றது. இதனால் கடன் வாங்கிப் படித்தல் தீது என்று யான் கூறவில்லை. கடன்பெற்றுக் கற்று, நல்ல வேலையில் அமர்ந்து, தம்பி தங்கையரையும் கரையேற்றிய என் மாணாக்கர் உளர். அவர்கள் நல்ல கல்லூரியைத் தெரிந்து, தம் விருப்பறிந்து சென்றவர்கள். அவர்கட்கு அவ்விலை தக்கதாயிற்று. அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் முதலியவற்றில் 2021-இலும் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டதையும் அறியாமலே நிலத்தை விலைபேசுவோரைக் காணும்போதுதான் நெஞ்சு நோகின்றது.

இனி அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். திருப்பணிக்கும் அன்னம் பாலிப்பிற்கும் நாம் உவந்து கொடுக்கின்றோம், கொடுத்தலும் வேண்டும். அவற்றோடு, ஊர்தோறும் உள்ள சிவனடியார் திருக்கூட்டத்தார் ஒன்றுகூடி, குலமும் கோத்திரமும் வினவாது, ஆண்டிற்கு ஒரு மாணாக்கரின் கட்டணத்தையேனும் ஏற்பாராக. எண்ணாயிரத்துக்கு 45 வேலி வேண்டியிருந்தது. ஓர் அரசு கல்லூரி மாணாக்கனின் ஓராண்டுக் கட்டணம் பத்துப் பேர் பகிர்ந்தால் எளிதில் முடியும். ஓர் உழவன் தன் நிலத்தை விற்காது தன் மகளைக் கற்பிக்க இயலுமாயின், அதுவும் சிவதருமமே.