நாளுக்கு ஓர் இசை

'இசைக்கு மொழியில்லை' என்று மேடைதோறும் சொல்கிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், நம் நாட்டில் வானொலியைத் திருப்பிப் பாருங்கள். தமிழுக்கு ஒரு நிலையம், மலாய்க்கு ஒன்று, சீனத்திற்கு ஒன்று, ஆங்கிலத்திற்கு ஒன்று. மின்னல் பண்பலை ஒலிக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, அடுத்த அலைவரிசையில் என்ன ஒலிக்கிறது என்பதை அறியாமலேயே பெரியவனாகிவிடலாம். இசைக்கு மொழி இல்லாமல் இருக்கலாம். ஆனால், நம் கேட்கும் பழக்கத்திற்கு மொழியும் உண்டு, வேலியும் உண்டு.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற ஆறு ஆண்டுகளும் பாட்டு என்றால் எனக்குத் தமிழ்ப்பாட்டுதான். அதற்கு விளக்கம் கேட்பவர் யாருமில்லை. எல்லாரும் ஒன்றாகப் பாடினோம், ஆடினோம். புகுமுக வகுப்பு முடிந்து முதலாம் படிவத்திற்குச் சென்ற பிறகு நிலைமை மாறியது. பள்ளிப் பேருந்தில் தமிழ்ப்பாட்டு ஒலித்தால் சிலர் கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கேலி செய்வார்கள். நாங்கள் நான்கைந்து தமிழ் மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அதன்பின் என் பாட்டு என் காதுக் கருவிக்குள் சென்று அமர்ந்துகொண்டது. ஐந்தாம் படிவம் வரை அங்கேயே இருந்தது.

பல்கலைக்கழக விடுதியில் எங்கள் வீட்டில் நால்வர். ஒருத்தி கிளந்தான்காரி, ஒருத்தி ஈப்போ சீனப் பெண், இன்னொருத்தி சரவாக்கிலிருந்து வந்த ஈபான் பெண், நான்காவது நான். சமையலறைச் சுவரில் யாரோ விட்டுச் சென்ற ஒரு வெண்பலகை இருந்தது. அதில் நாளுக்கு ஒருத்தி, ஓர் இசையைப் பரிந்துரைக்க வேண்டும் என்று இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவு செய்தோம். விதிகள் மூன்றே மூன்று: தூங்கும் முன் எல்லாரும் அதை முழுமையாகக் கேட்டிருக்க வேண்டும், பாதியில் நிறுத்தக்கூடாது, ஏன் கேட்க வேண்டும் என்பதைப் பரிந்துரைத்தவள் மூன்று வரிகளில் எழுத வேண்டும்.

முதல் இரண்டு விதிகள் சுலபம். மூன்றாவதுதான் எங்களைப் படாதபாடு படுத்தியது!

ஈப்போ தோழி திரைப்படக் கலை படிப்பவள். ஒரு நாள் 'சைக்கோ' (1960) படத்தின் பின்னணி இசையை எழுதி வைத்தாள். "முழுவதும் நரம்புக் கருவிகள் மட்டுமே. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் எண்ணினார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எழுதியதைக் கேட்டபின் மனம் மாறினார்." மூன்றே வரிகள். ஆனால், அன்றிரவு நான் படத்தைக் காதால் பார்த்தேன். இன்னொரு நாள் அவளே தெரேசா தெங்கைத் தந்தாள். சீனப் பாப் பாடல்களின் அரசி என்று மட்டும் நான் அறிந்திருந்த அவர் ஜப்பானிய மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும்கூடப் பாடியிருக்கிறார்.

சரவாக் தோழி சாக்சபோன் வாசிப்பவள். அவள் முறை வந்தால் ஜாஸ்தான். டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' (1959) ஒலித்தபோது மற்ற இருவரும் காலால் தாளம் போட முயன்று தடுமாறினார்கள். வழக்கமான பாட்டுகளைப்போல் நான்கு நான்காக எண்ணினால் அது பிடிபடாது. ஐந்து ஐந்தாக எண்ண வேண்டும். என் கை மட்டும் தானாகத் தட்டியது: தகிட தக, தகிட தக. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பரதம் பழகியபோது ஆசிரியை சொல்லிக் கொடுத்தது 'தக தகிட'. இங்கே மூன்று முன்னால் வருகிறது, இரண்டு பின்னால் வருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு!

"உங்கள் தமிழ்ப்பள்ளியில் ஜாஸ் கற்றுக் கொடுத்தார்களா?" என்று தோழி வியந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், நெடுநாள் கழித்து அன்றுதான் தமிழ்ப்பள்ளியில் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அதே 1959-இல் வெளிவந்தது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. அதன் முதல் இசை 'சோ வாட்'. கர்நாடக இசை பயிலும் தமிழ்ப்பேரவை அக்கா ஒருவரிடம் அதைக் கேட்கக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது கரகரப்பிரியாவின் சுர வரிசையம்மா. பியானோவில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் 'டி'யிலிருந்து 'டி' வரை வாசித்துப் பார், புரியும்" என்றார். நான் துள்ளிக் குதிக்க, "அவசரப்படாதே! படிக்கட்டு ஒன்றாக இருந்தால் வீடும் ஒன்றாகிவிடுமா? கமகம் இல்லாமல் ராகம் இல்லை" என்று அடக்கினார். ஒற்றுமையைக் கண்டவுடன் 'எல்லாம் ஒன்றே' என்று சொல்லிவிடக் கூடாது என்பதை அவரிடம் கற்றேன்.

கிளந்தான் தோழி பி. ரம்லியின் 'கெத்தாரான் ஜீவா'வை எழுதிய நாளை மறக்க முடியாது. 'அந்தாரா டுவா டராஜாட்' (1960) படப் பாடல் அது. பினாங்கில் 1929-இல் பிறந்த ரம்லியைப் பற்றித் தேடிப் படித்தபோது, அவர் முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் என்று தெரிந்தது. உடனே வீட்டுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அப்படியா? அது எனக்குத் தெரியாதேம்மா. ஆனா பாட்டெல்லாம் தெரியும்" என்று சொல்லி அப்பா தொலைபேசியிலேயே பாடத் தொடங்கிவிட்டார். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து கேட்ட பாட்டாம். என் தலைமுறையில் எழுந்து நிற்கும் வேலி, அவருடைய திடலில் இல்லை!

சரி, நான் என்ன பரிந்துரைத்தேன்? முதல் முறை பேனாவைப் பிடித்தபோது பள்ளிப் பேருந்துதான் நினைவுக்கு வந்தது. திரைப்பாட்டு ஒன்றை எழுதலாம் என்றால், அதில் நான் விரும்புவதெல்லாம் வரிகள். தமிழ் அறியாத மூவரிடம் வரிகளை வைத்து என்ன பேசுவது? ஆகவே, சொற்களை ஒதுக்கிவிட்டு இசையை மட்டும் கேட்கத் தொடங்கினேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பை அப்போதுதான் பொறுமையாகக் கேட்டேன். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் அவர் செலுத்திய காணிக்கை அது. பாக் மறைந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். ஒருவரையொருவர் அறியாத அந்த இருவரையும் பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் ஒரே வீட்டில் சந்திக்க வைத்திருக்கிறார். இதைத்தான் மூன்று வரிகளாக எழுதினேன்.

மறுநாள் காலை கிளந்தான் தோழி தேநீர்க் கோப்பையுடன் வந்தாள். "மூன்று முறை கேட்டேன். ஓரிடத்தில் வயலின் மட்டும் தனியாகப் பேசுகிறதே, மற்றவை ஏன் அப்படிக் காத்திருக்கின்றன?" என்று கேட்டாள். கழுத்தை ஆட்டிய முகங்களுக்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு வாரம் உட்கார்ந்தேன்.

நண்பர்களே, கைப்பேசிச் செயலிகளும் நாள்தோறும் நமக்குப் பாடல்களைப் பரிந்துரைக்கத்தான் செய்கின்றன. நேற்று நான் விரும்பியதைக் கணக்கிட்டு, அதைப்போல் இன்னும் பத்தைத் தருகின்றன. வசதிதான். ஆனால், ஏன் என்று அவை மூன்று வரி எழுதுவதில்லை. நானும் யாருக்கும் எழுத வேண்டியதில்லை. பாட்டைக் கொடுப்பது எளிது. காரணத்தைக் கொடுக்க வேண்டுமானால் முதலில் நம் பாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும். மற்றவர் இசை என் உலகத்தை விரித்தது உண்மை. அவர்களிடம் என் இசையைச் சொல்லப் போய்த்தான் எனக்கே அது விளங்கியது என்பது அதனினும் பெரிய உண்மை.

இந்தத் தவணையோடு நாங்கள் நால்வரும் விடுதியைக் காலி செய்கிறோம். வெண்பலகை அங்கேயே இருக்கும். அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பக்கத்து அறை நண்பரிடம் இன்றிரவு ஓர் இசையைக் கேளுங்கள், ஒன்றைக் கொடுங்கள். காரணத்தை மறக்காமல் எழுதுங்கள். மூன்றே வரிகள் போதும்!