சும்மா இரு என்றால் பிடிக்காது! நியூசிலாந்தின் மேய்ப்பு நாய்கள் வீட்டு நாய்களாகும் கதை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், டெக்கப்போ ஏரிக்கரையில் ஒரு வெண்கல நாய் நிற்கிறது. ஏரியின் நிறம் பால் கலந்த நீலம். பனிப்பாறைகள் உராய்ந்து மாவாக்கிய கல்தூள் தண்ணீரில் மிதப்பதால் வந்த நிறம் அது. பக்கத்திலேயே 1935-ல் கட்டிய சின்னஞ்சிறு கல் தேவாலயம். பெயர், நல்ல மேய்ப்பன் ஆலயம். சுற்றுலா பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் தேவாலயத்தை போட்டோ எடுத்த கையோடு நாயிடம் வந்துவிடுகிறார்கள்.

1968-ல் வைத்த சிலை இது. யாரோ ஒரு பணக்காரர் வளர்த்த செல்ல நாயின் சிலை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலைநாட்டில் ஆடு மேய்க்க உழைத்த அத்தனை கோலி இன நாய்களுக்கும் சேர்த்து வைத்தது. நாய் நன்றியுள்ளது என்று நாம் சொல்வோம். இங்கே மனிதர்கள் நாய்க்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

திருடனும் அவன் நாயும்

இந்தப் பகுதிக்கு மெக்கன்ஸி நாடு என்று பெயர். ஆட்சியாளரின் பெயரோ தளபதியின் பெயரோ அல்ல, ஆட்டுத் திருடனின் பெயர்! ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் மெக்கன்ஸி 1855-ல் ஏறக்குறைய ஆயிரம் ஆடுகளோடு இங்குள்ள கணவாய் ஒன்றில் பிடிபட்டார். ஐந்து ஆண்டு தண்டனை கிடைத்தது. ஆனால், மறு ஆண்டே மன்னிப்பு பெற்று வெளியே வந்துவிட்டார்.

அவ்வளவு ஆடுகளை ஒற்றை ஆளாக எப்படி ஓட்டி வர முடிந்தது? ஃப்ரைடே என்ற அவரது நாய்தான் காரணம் என்கிறார்கள். எஜமானர் பிடிபட்ட பிறகும் அது ஆடுகளை ஓட்டிக்கொண்டே போனதாக ஊரில் கதை உலவுகிறது. கதையில் எவ்வளவு உண்மையோ, ஃபேர்லி என்ற சிறு ஊரில் இருவருக்கும் சேர்த்தே சிலை இருக்கிறது.

கண்ணால் ஓட்டும் நாய், குரலால் ஓட்டும் நாய்

நம் ஊர் கீதாரிகள் கிடை போடும்போது கூடவே இருக்கும் நாய் பெரும்பாலும் காவலுக்குத்தான். ஆட்டை ஓட்டுவது கீதாரியின் குரலும் கோலும். இங்கே ஓட்டுவதே நாய்தான். அதிலும் இரண்டு வகை உண்டு.

ஹெடிங் டாக் என்பது பார்டர் கோலி வழியில் வந்தது. குரைக்காது. மந்தையைச் சுற்றி ஓடி அந்தப் பக்கம் போய், உடம்பைத் தாழ்த்தி, ஆடுகளை முறைத்துப் பார்க்கும். அந்தப் பார்வைக்கே ஆடுகள் மேய்ப்பரை நோக்கி நகர ஆரம்பிக்கும். ஹன்டவே நேர் எதிர். பெரிய உடம்பு, பெரிய குரல். பின்னால் நின்று குரைத்துக் குரைத்தே மந்தையை மலையேற்றிவிடும். நியூசிலாந்திலேயே உருவான இனம் இது.

அந்த முறைப்பு எங்கிருந்து வந்தது? ஓநாயின் வேட்டைக் குணத்திலிருந்து. பதுங்குவது, முறைப்பது, துரத்துவது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, கொல்வதை மட்டும் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கழித்துவிட்டார்கள். இந்த நாயை வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

ரிட்டயர்மென்ட் புரியாத ஜெஸ்

நான் இரண்டு இரவு தங்கியது ஃபேர்லிக்கு வெளியே ஒரு ஆட்டுப் பண்ணையில். விடிவதற்குள் நாய்க்கூண்டுகளைத் திறந்துவிடுகிறார்கள். ஐந்து நாய்கள் பிக்கப் வண்டியின் பின்னால் தாவி ஏறிக்கொள்கின்றன. பண்ணைக்காரர் விசில் அடித்தால் ஒன்று இடது பக்கம் ஓடுகிறது. விசிலின் ராகம் மாறினால் இன்னொன்று அப்படியே படுத்துவிடுகிறது.

பண்ணை நாய்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் வருவதில்லை. தனிக் கூண்டு, வேலை, சாப்பாடு, தூக்கம். அரசாங்கமே இவற்றைத் தனி ரகமாகத்தான் பார்க்கிறது. 2006 முதல் அங்கே புதிதாகப் பதிவு செய்யும் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். மந்தை மேய்க்கும் பண்ணை நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

வயதாகி, இடுப்பு வலி வந்து, மலையேற முடியாமல் போனால்? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தப் பண்ணையில் ஜெஸ் என்றொரு ஹெடிங் டாக் இருந்திருக்கிறது. ஒன்பது வயது. வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் தினமும் காலையில் பிக்கப் கிளம்பும் சத்தம் கேட்டால் கூண்டுக் கம்பியைப் பிறாண்டி ஊளையிடுமாம். "அதுக்கு ரிட்டயர்மென்ட்டுன்னா தெரியாதே. ஏதோ தப்பு பண்ணிட்டோம், அதான் கூட்டிட்டுப் போகலைன்னு நினைச்சிருக்கும்" என்றார் பண்ணைக்காரர். ஜெரால்டீனில் இருக்கும் அவர் மகள், தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஜெஸ்ஸை அழைத்துப் போயிருக்கிறார்.

குழந்தைகளே மந்தை

கிறைஸ்ட்சர்ச் திரும்பும் வழியில்தான் ஜெரால்டீன். அந்த வீட்டில் ஏழு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன். முதல் வாரம் முழுக்க ஜெஸ் வரவேற்பறைக்குள் கால் வைக்கவே இல்லையாம். வாக்குவம் கிளீனர் சத்தத்துக்கு நடுங்கியிருக்கிறது. மெத்தையைப் போட்டால் அதைத் தாண்டிப் போய் வெறுந்தரையில் படுத்திருக்கிறது.

அடுத்த வாரம் வேறு மாதிரி ஆனது. தோட்டத்தில் குழந்தைகள் ஓடினால் ஜெஸ் சுற்றி வளைத்து ஒரு மூலைக்கு ஓட்டத் தொடங்கியது. பார்க்கச் சிரிப்பாக இருந்ததால் எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். ஒருநாள் சின்னவன் வளையத்தைத் தாண்டி ஓட, ஜெஸ் குதிகாலில் லேசாகக் கவ்வியது. மந்தையிலிருந்து விலகும் மாட்டையோ ஆட்டையோ திருப்ப இந்த வகை நாய்கள் செய்வதுதான். பையன் விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. அன்று இரவே மகள் அப்பாவுக்கு போன் போட்டிருக்கிறார். "வந்து கூட்டிட்டுப் போயிடுங்கப்பா."

கூட்டிப் போனால் மறுபடியும் அதே கூண்டு, அதே ஊளை. விட்டுவைத்தால் பேரனுக்கு ஆபத்து. பண்ணைக்காரர் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, நாய்க்கு அல்ல, பேத்திக்குப் பயிற்சி கொடுத்தார். 'நில்', 'படு', 'போதும், வா' என மூன்று விசில்கள். சின்னவன் தோட்டத்தில் விளையாடும்போது ஜெஸ் உள்ளே இருக்க வேண்டும், பெரியவர்கள் இல்லாமல் இருவரையும் தனியாக விடக்கூடாது என்று கண்டிப்பான விதிகளும் வந்தன. பந்தை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது, கோழிகளைச் சாயங்காலம் கூட்டுக்குள் அனுப்புவது என ஜெஸ்ஸுக்கு வேலையும் கிடைத்தது.

நான் போனபோது அந்த ஒரு மாதம் முடிந்து நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பேத்தி விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். ஓடிக்கொண்டிருந்த ஜெஸ் புல்லில் அப்படியே தாழ்ந்து படுத்தது. கண் மட்டும் கோழிகளிடமிருந்து அகலவே இல்லை. எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "சைக்கிளைப் பார்த்தா இன்னும் துரத்துது" என்று சிரித்தார் அந்த அம்மா. ஆனாலும், திருப்பி அனுப்பும் பேச்சே இப்போது இல்லையாம்.

நம் வீட்டு கேட்டிலும் ஒரு மேய்ப்பர்

இதெல்லாம் எங்கோ நியூசிலாந்து கதை என்று நினைக்காதீர்கள். நம் தெருக்களில் அல்சேஷன் என்று அழைத்த ஜெர்மன் ஷெப்பர்டின் பெயரிலேயே மேய்ப்பர் இருக்கிறார். 1899-ல் ஜெர்மனியில் அந்த இனத்தைப் பதிவு செய்தபோது, அதற்கு மூலமாக இருந்தவை ஆட்டு மந்தை நாய்கள்தான். அதை நாம் கேட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, ஏன் இவ்வளவு குரைக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம்.

வீடியோவில் பார்டர் கோலியின் சாமர்த்தியத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். காலையும் மாலையும் ஓடவிட இடம் இருக்கிறதா? தினமும் மூளைக்கு ஏதாவது வேலை கொடுக்க ஆள் இருக்கிறதா? பகல் முழுக்கப் பூட்டிய ஃபிளாட்டில் தனியாக இருக்கப்போகிறதா? சின்னக் குழந்தை இருந்தால் யார் மேற்பார்வை? ஓடுவது மட்டும் போதாது. களைத்த காலை விட, களைத்த மூளைதான் இந்த நாய்களைத் தூங்கவைக்கும்.

இந்த நாய்களின் விசுவாசம் உழைப்போடு சேர்ந்தே வருகிறது. அதற்கு வேலை கொடுக்க உங்களுக்கு நேரம் இருந்தால், உங்களுக்காக எதையும் செய்யும். நேரம் இல்லையென்றால், சோபாவில் சுருண்டு தூங்கும் நாய்கள் எத்தனையோ உண்டு. அதில் ஒன்றைக் கொண்டுவருவதே இருவருக்கும் நல்லது.

போக விரும்புகிறவர்களுக்கு: கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஜெரால்டீன், ஃபேர்லி வழியாக டெக்கப்போவுக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். நவம்பர், டிசம்பரில் போனால் ஏரிக்கரை முழுக்க லூபின் பூக்கள். இரவு வானம் பார்க்க உலகப் புகழ்பெற்ற இடம் என்பதால் ஓர் இரவாவது தங்குங்கள். பண்ணை நாய்கள் வேலையில் இருக்கும்போது கூப்பிடவோ தடவவோ கூடாது. வேலை முடிந்ததும் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தடவிக்கொடுக்கலாம்.